குழு லோன் எதுவரைக்கும் வருது? டார்ம் கட்டில் வரைக்கும்

கேள்வி: 2025 ஜூலை 6, ஞாயிறு

ஊர்ல வீட்டுக்காரி மூணு குழுவுல லோன் வச்சிருக்கா. பொம்பளைங்களைக் குழுவா சேர்த்து, ஈடு இல்லாம சின்னக் கடன் கொடுக்கிற மைக்ரோஃபைனான்ஸ் கம்பெனி லோன். இப்போ நாலாவதா ஒரு கம்பெனிக்காரன் வீடு தேடி வந்து நிக்கிறானாம். எடுக்கச் சொல்லலாமா? இங்க சிங்கப்பூர்ல எங்க டார்ம்ல, அதான் தொழிலாளர் விடுதியில, ஒரு அண்ணன் சொல்றார், "பேங்க்காரன் நம்மள வாசல்ல நிக்க வச்சான், மைக்ரோஃபைனான்ஸ்காரன்தான் ஏழை வீடு வரைக்கும் வந்தான்"னு. அது நிஜமா? விவரம் தெரிஞ்சவங்க சொல்லுங்க.

பதில்: ஜூலை 6, இரவு 10:50

எடுக்க வேண்டாம். காரணம் அப்புறம் எழுதுறேன், காலைல 5 மணிக்கு வேலைக்குப் போற லாரி.

ஒண்ணு மட்டும். "ஏழை வீடு வரைக்கும் வந்தான்"ங்கிறது பாதிதான் நிஜம். எங்க ஊர் பேராவூரணிப் பக்கம். எங்க தெருவுக்கு வாரத்துல ஆறு கம்பெனி பைக் வருது. அதே ஊர்ல வாய்க்கால் தாண்டி பதினஞ்சு குடிசை இருக்கு, ஆடு மேய்க்கிறவங்க, செங்கல் சூளைக்குப் போறவங்க. அங்க ஒரு பைக்கும் போறதில்ல. போன தடவை லீவுல போனப்ப வசூல் பண்ற தம்பிகிட்டயே கேட்டேன். "அண்ணே, அவங்க ஆறு மாசம் சூளையில இருப்பாங்க, வாரா வாரம் யாரைப் போய்ப் பாக்குறது?"ன்னான். எங்க தெருவுல என்ன விசேஷம்னு கேட்டேன். சிரிச்சான். "உங்க தெருவுல எத்தனை சபுராளி வீடுன்னு எனக்குத் தெரியும்ணே." சபுராளின்னா வெளிநாட்டுக்குச் சம்பாதிக்கப் போனவன்.

ஜூலை 8, செவ்வாய்

யாரோ வட்டி கேட்டிருக்கீங்க. ரிசர்வ் வங்கி 26 சதவீதம்னு உச்சவரம்பு வச்சிருக்கு, அதுக்கு மேல போக முடியாது.

ஜூலை 9, புதன்

நான் மேலே எழுதினது தப்பு. இங்க யீஷுன் பக்கம் இருக்கிற ஒரு அக்கா தனியா மெசேஜ் போட்டு காதைத் திருகிட்டாங்க. 26 சதவீதம் பழைய கதை. கடன் தொல்லையில தற்கொலைகள் நடந்து பெரிய களேபரமாகி, 2010 அக்டோபர்ல ஆந்திரா அரசு அவசரச் சட்டம் போட்டு கம்பெனிகளோட வாரவசூலை நிறுத்துச்சு. அதுக்கப்புறம் ரிசர்வ் வங்கி போட்ட மாலேகாம் கமிட்டியோட அறிக்கை 2011 ஜனவரியில வந்துச்சு. வட்டி வரம்பு, ஒருத்தருக்கு ரெண்டு கம்பெனிக்கு மேல கொடுக்கக் கூடாதுங்கிறது எல்லாம் அந்தக் காலத்து விதி. 2022 ஏப்ரல்ல இருந்து வரம்பை எடுத்துட்டாங்க. கம்பெனியே வட்டியை நிர்ணயிக்கலாம், ஆனா அநியாய வட்டியா இருக்கக் கூடாது, மொத்தச் செலவு எவ்வளவுன்னு ஒரே தாள்ல எழுதிக் கொடுக்கணும். லோன் கார்டு கடன் வாங்கறவங்களுக்குப் புரியற மொழியில இருக்கணும்.

அக்கா, நன்றி. இனிமே தேதி பாத்து எழுதுறேன்.

ஜூலை 13, ஞாயிறு

இன்னைக்கு லீவு. தேக்காவுல, அதான் இங்க லிட்டில் இந்தியா பக்கம், டீ குடிச்சிட்டு, பழைய பில் பின்னாடி கணக்குப் போட்டேன்.

ஊர்ல நாம சதவீதம் பேசறதில்ல. "ரெண்டு வட்டி", "மூணு வட்டி", "அஞ்சு வட்டி"ன்னுதான் பேச்சு. நூறு ரூபாய்க்கு மாசம் ரெண்டு ரூபா, மூணு ரூபா, அஞ்சு ரூபா. வருஷம் 24 சதவீதம்னா நம்ம பாஷையில ரெண்டு வட்டி. 40,000 ரூபாய்க்கு ரெண்டு வட்டி, குறையுற அசலுக்கு, 24 மாசத் தவணைன்னு வச்சுக்குங்க. மாசம் 2,115 வருது. ரெண்டு வருஷத்துல வட்டி மட்டும் 10,750 சொச்சம்.

அதே 40,000-ஐ அஞ்சு வட்டிக்கு வாங்குங்க. மாசம் 2,000. பாத்தா 115 ரூபா கம்மியா இருக்கு இல்லையா? ஆனா அந்த 2,000 வெறும் வட்டி. 24 மாசத்துல 48,000 கட்டியிருப்பீங்க, அசல் 40,000 அப்படியே உக்காந்திருக்கும். குழு லோன்ல அதே அளவு பணம் மாசாமாசம் கட்டி, ரெண்டு வருஷத்துல முடிச்சிட்டு எந்திரிக்கலாம்.

இந்தக் கணக்கைப் போட்டதுக்கப்புறம் ஜூலை 6-ல "எடுக்க வேண்டாம்"னு ஒரே வார்த்தையில சொன்னது எனக்கே கொஞ்சம் உறுத்துது. அஞ்சு வட்டிக்காரனை அடைக்க குழு லோன் எடுத்தா அது புத்தி. குழு லோன் தவணை கட்ட இன்னொரு குழு லோன் எடுத்தா அது வேற. தம்பி, உங்க வீட்டுல இது எது? நீங்க இன்னும் சொல்லல.

இன்னொண்ணு. "வட்டி 12 சதவீதம்தான்"னு யாராவது சொன்னா, அது பிளாட்டா, குறையுற அசலுக்கான்னு கேளுங்க. 40,000-க்கு பிளாட் 12 சதவீதம், ரெண்டு வருஷம்னா மாசம் 2,067 கட்டணும். நிஜ வட்டி வருஷத்துக்கு இருபத்தொன்றரை சதவீதத்துக்கு மேல. அசலைக் குறைச்சுக்கிட்டே வர்றீங்க, வட்டி மட்டும் முழு 40,000-க்கும் போட்டுக்கிட்டே இருக்கான்.

ஜூலை 14, திங்கள்

"மகளிர் குழுவைக் குறை சொல்றீங்களா"ன்னு ஒருத்தர் கோவப்பட்டிருக்கார். இல்லைங்க. ரெண்டையும் குழுன்னே சொல்லிப் பழகிட்டோம், அதான் குழப்பம். மகளிர் சுய உதவிக் குழு வேற. அங்க முதல்ல சேமிப்பு, பிறகுதான் கடன். வங்கியோட இணைச்சு நபார்டுங்கிற ஊரக வளர்ச்சி வங்கி 1992-ல 500 குழுவோட ஆரம்பிச்சது. தமிழ்நாட்டுல அதுக்கும் முன்னாடியே 1989-ல தர்மபுரியில தொடங்கிட்டாங்க. நான் பேசறது கம்பெனிக் குழு. சேமிப்பு கிடையாது, அஞ்சு பேர் சேர்ந்தா கடன், ஒருத்தர் கட்டலன்னா மத்த நாலு பேர் கட்டணும்.

என் கணிப்பு, கம்பெனிக்காரன் எங்க சுலபமா நுழைஞ்சான்னா, மகளிர் குழு ஏற்கனவே நல்லா நடந்த ஊர்ல. கூட்டம் போடறது, நோட்டு எழுதறது, நேரத்துக்கு வர்றது எல்லாம் பொம்பளைங்க பத்து வருஷமா பழகி வச்சிருந்தாங்க. உழுத வயல்ல வந்து விதைச்சவன் இவன்.

ஜூலை 20, ஞாயிறு

இதை எழுதலாமான்னு ரெண்டு நாள் யோசிச்சேன். எழுதிடறேன்.

நேத்து ஊர்ல இருக்கிற எங்க அக்காகிட்ட போன்ல பேசினேன். இங்க இப்படி ஒரு பேச்சு ஓடுது, குழு லோனால யாருக்கு என்ன லாபம்னு எழுதிட்டிருக்கேன்னு பெருமையா சொன்னேன். அக்கா கொஞ்ச நேரம் பேசல. அப்புறம், "நீ சிங்கப்பூர் போனதே குழு லோன்லதானேடா"ன்னாங்க.

எனக்குத் தெரிஞ்ச கதை வேற. 2012-ல ஏஜெண்டுக்கு ரெண்டே கால் லட்சம். அம்மாவோட சங்கிலியையும் அக்காவோட தோட்டையும் அடகு வச்சு, மாமா ஒரு லட்சம் கொடுத்து, அப்படித்தான் வந்தேன்னு பதிமூணு வருஷமா சொல்லிட்டிருக்கேன். இந்த டார்ம்ல புதுசா வர்ற பசங்களுக்கெல்லாம் அந்தச் சங்கிலிக் கதையைச் சொல்லியிருக்கேன். அக்கா கணக்குச் சொன்னாங்க. சங்கிலியும் தோடும் சேர்த்து 50,000 தான் வந்துச்சாம். மீதி 75,000 குழுவுல.

எப்படின்னா, அம்மாவுக்கு 15,000 தான் கொடுப்பாங்க. அதனால எங்க தெரு நாலு பொம்பளைங்க, அவங்க பேர்ல ஆளுக்கு 15,000 எடுத்து, அம்மா கையில கொடுத்துட்டாங்க. அஞ்சு பேர் கடன், ஒரே ஆளுக்கு. வாரா வாரம் அஞ்சு தவணையும் எங்க வீட்டுல இருந்துதான் போச்சு. முதல் நாலு மாசம் எனக்குச் சம்பளத்துல பிடித்தம் போக ஒண்ணும் அனுப்ப முடியல. அந்த நாலு மாசம் யார் கட்டினாங்கன்னு கேட்டேன். "அவங்கவங்க கட்டிக்கிட்டாங்க, பின்னால கொடுத்தோம்"னாங்க அக்கா. அதுல ஒரு அத்தை இப்போ இல்ல. லீவுக்குப் போறப்பல்லாம் அவங்களுக்கு ஒரு தைலம் பாட்டில் வாங்கிட்டுப் போவேன், ஏதோ பெரிய மனசு பண்ற மாதிரி.

கேட்கவே சிரிப்பா இருந்த விஷயம், கடன் எதுக்குன்னு காகிதத்துல ஏதாவது எழுதணும் இல்லையா? அஞ்சு பேரும் "கறவை மாடு"ன்னு எழுதினாங்களாம். மாடு வாங்கியாச்சான்னு பாக்க ஆபீசர் போட்டோ எடுக்க வந்தப்ப, தெருவுல இருந்த ஒரே மாட்டை வீடு வீடா ஓட்டிட்டுப் போய், அஞ்சு பேரும் அதோட நின்னு போட்டோ எடுத்துக்கிட்டாங்க. மூணாவது வீட்டுலயே மாடு கோவிச்சுக்கிட்டு கயித்தை அறுத்துடுச்சாம்.

காகிதப்படி எங்க தெருவுல அஞ்சு மாடு. அந்த அஞ்சு மாடும் நான்தான்.

ஜூலை 21, திங்கள்

சரி, சரி. "மாட்டண்ணே"ன்னு கூப்பிடறதை நிறுத்துங்க. சைட்ல ஒருத்தன் வைக்கோல் படம் அனுப்பறான்.

ஜூலை 23, புதன்

"கடனைப் பொய் சொல்லி வாங்கினது தப்புதானே"ன்னு ஒரு தம்பி கேட்டிருக்கார். தப்புதான். ஆனா யார் யாரை ஏமாத்தினதுன்னு பாருங்க. மாடு வாங்கல, சிங்கப்பூருக்கு ஆள் போகுதுன்னு அந்த ஆபீசருக்குத் தெரியும். தெரிஞ்சுதான் கொடுத்தான். மாடு செத்துப் போகும், பால் வத்தும். சிங்கப்பூர்ல இருக்கிற பையன் மாசாமாசம் அனுப்புவான்.

இப்ப இருக்கற விதியை வச்சு இன்னொரு வேடிக்கை. 2022 விதிப்படி மைக்ரோஃபைனான்ஸ் கடன்னா, ஈடு இல்லாம, வருஷ வருமானம் 3 லட்சத்துக்கு மேல போகாத குடும்பத்துக்குக் கொடுக்கறது. குடும்பம்னா புருஷன், பொண்டாட்டி, கல்யாணமாகாத பிள்ளைங்க. வெளியில இருந்து அனுப்பற பணமும் வருமானத்துல சேரும். இங்க ஓவர்டைம் சேர்த்து மாசம் 800 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) வாங்கற ஒருத்தனை எடுத்துக்குங்க. வெள்ளி 67 ரூபாய்னா மாசம் 53,600, வருஷம் ஆறு லட்சத்து சொச்சம். அவன் பொண்டாட்டிக்கு இந்தக் கடனே கிடைக்கக் கூடாது! ஆனா பாரத்துல புருஷன் தொழில் "கூலி"ன்னு போகும். பொய்யும் இல்ல. நாம கூலிதானே.

ஆக, தகுதி இல்லாத வீட்டை நம்பித்தான் வசூல் நடக்குது. தகுதி இருக்கிற அந்த வாய்க்கால் தாண்டின பதினஞ்சு குடிசைக்கு பைக் போகல. முதல் நாள் நான் அரைகுறையா சொன்னது இதுதான்.

ஜூலை 27, ஞாயிறு

பேச்சு சிங்கப்பூர் வட்டிக்குத் திரும்பிடுச்சு, நல்லது. இங்க லைசென்ஸ் வட்டிக்கடைக்கு உச்சவரம்பு மாசம் 4 சதவீதம். நம்ம பாஷையில நாலு வட்டி! அதுக்கு மேல கடன் தொகையில 10 சதவீதம் வரைக்கும் கட்டணம், தவணை தப்பினா மாசம் 60 வெள்ளி வரை அபராதம். ஆனா வட்டி, கட்டணம், அபராதம் எல்லாம் சேர்த்தாலும் வாங்கின அசலுக்கு மேல போகக் கூடாதுன்னு ஒரு பூட்டு இருக்கு. அந்தப் பூட்டு நம்ம ஊர்ல இருந்திருந்தா எத்தனை வீடு தப்பிச்சிருக்கும்.

நம்ம மாதிரி வெளிநாட்டுத் தொழிலாளி, வருஷ வருமானம் 10,000 வெள்ளிக்குக் கீழன்னா, எல்லாக் கடையும் சேர்த்து 500 வெள்ளிக்கு மேல கடன் கிடையாது. முன்னாடி இதைக் கேட்டா கோவம் வரும், நம்மள நம்பலையேன்னு. இப்போ யோசிச்சா, ஊர்லயும் யாராவது அம்மாவை இப்படி நிறுத்தியிருந்தா நான் இங்க வந்திருக்கவே மாட்டேன். நல்லதா கெட்டதான்னு சொல்லத் தெரியல. 500 போதாதவன் ஆலோங்கிட்ட, அதான் லைசென்ஸ் இல்லாத வட்டிக்காரன்கிட்ட போறான், அதையும் பாத்திருக்கேன். என் எதிர்க் கட்டில் பையன், ரெண்டு மாசத்துல வேலை பெர்மிட்டே போச்சு.

பெரியவர் ஒருத்தர் மார்க்கெட் ஸ்திரீட் கிட்டங்கி பத்தி எழுதியிருக்கார். செட்டியார்கள் ஒரே கூடத்துல வரிசையா பெட்டியடி போட்டு உக்காந்து கடன் கொடுத்த இடம். இப்போ அங்க ஆபீஸ் கட்டடம். ஐயா, நீங்க அங்க கணக்குப் பிள்ளையா இருந்த கதையைத் தனியா எழுதுங்க, இங்க புதைஞ்சு போயிடும்.

ஆகஸ்ட் 3, ஞாயிறு

ராத்திரி போன் வர்ற கதையை நிறைய பேர் கேட்டிருக்கீங்க. விதி இருக்கு. காலை 9-க்கு முன்னாடியும் சாயங்காலம் 6-க்குப் பின்னாடியும் கடன் வாங்கினவங்களைக் கூப்பிடக் கூடாது. பேசி வச்ச பொது இடத்துலதான் வசூல். ரெண்டு தடவை தொடர்ந்து வரலன்னாதான் வீட்டுக்கு வரலாம். ஊர்ல 6 மணின்னா நமக்கு எட்டரை. எனக்கு அக்கா போன் வந்த நேரம் பதினொன்றரை, அதாவது ஊர்ல 9 மணி, வசூல் பண்ற தம்பி இன்னும் திண்ணையில உக்காந்திருக்கான். திட்டல, மிரட்டல. சும்மா உக்காந்திருப்பான். கூடவே குழுவுல மத்த நாலு பேரும் உக்காந்திருப்பாங்க. அதுதான் தாங்காது. அவன் முகத்தைப் பாத்துட்டுப் போயிடலாம், நாலாவது வீட்டு அக்கா முகத்தை நாளைக்குக் குழாயடியில பாக்கணும்.

கஜா புயல், 2018 நவம்பர் 16. எங்க தென்னை நாப்பதுல முப்பத்தாறு போச்சு. விழுந்த மரத்தை வாசல்ல இருந்து இழுத்துப் போடறதுக்குள்ள வசூலுக்கு ஆள் வந்துட்டான். "மேல இருந்து சொல்றாங்க அக்கா"ன்னு அவனே அழாத குறையா நின்னானாம். அவன் வீட்டு ஓடும் பறந்திருந்துச்சு. புதுத் தென்னை காய்க்க அஞ்சாறு வருஷம் ஆகும், தவணை வாரா வாரம். புயலுக்கு அப்புறம் எங்க வீட்டுத் தவணையைக் கட்டினது தென்னை இல்ல, இங்க துவாஸ் தொழிற்பேட்டையில என் ஓவர்டைம்.

2020-ல அந்த ஓவர்டைமும் நின்னுச்சு. ஏப்ரல்ல டார்மைப் பூட்டினாங்க. ஊர்ல ரிசர்வ் வங்கி தவணைக்கு அவகாசம் கொடுத்துச்சு, மார்ச்சுல ஆரம்பிச்சு ஆகஸ்ட் 31 வரைக்கும். அவகாசம்னா தள்ளுபடின்னு நினைச்சு அக்கா நிம்மதியா இருந்தாங்க. வட்டி ஓடிக்கிட்டேதான் இருந்துச்சு. செப்டம்பர்ல கார்டுல தவணை கூடியிருந்ததைப் பாத்து என்கிட்டதான் சண்டை போட்டாங்க, நான் என்னமோ ரிசர்வ் வங்கி மாதிரி.

அப்புறம் 2023 பிப்ரவரியில போன்லயே பணம் அனுப்பற இங்கத்துப் பேநவ்வையும் அங்கத்து யூபிஐயையும் இணைச்சாங்க. நல்ல வசதி, மறுக்கல. ஆனா முன்னாடி "ஞாயித்துக்கிழமை தேக்கா போய்த்தான் அனுப்பணும்"னு ஒரு சாக்கு இருந்துச்சு. இப்போ அவன் திண்ணையில உக்காந்திருக்கும்போதே, நான் சிமெண்டுக் கையைத் துடைச்சிட்டு அனுப்பிடலாம். அனுப்பிடலாம்னா, அனுப்பணும்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

ஏழைகளுக்குச் சின்னக் கடன் கொடுக்கிறதை ஆரம்பிச்ச வங்காளதேசப் பேராசிரியர் யூனுஸ் பேர் வந்ததால சுருக்கமா. 1976-ல சிட்டகாங் பக்கம் ஜோப்ரா கிராமத்துல 42 பேருக்கு மொத்தமா 27 டாலர் தன் கைக்காசு கொடுத்து ஆரம்பிச்சார். 1983-ல கிராமீன் வங்கி, 2006-ல நோபல். அவரை நான் குறை சொல்லல.

ஆனா "கடன் கொடுத்தா வறுமை ஒழியும்"ங்கிறதை அளந்து பாத்திருக்காங்க. ஹைதராபாத்துல 104 பேட்டைகளைச் சீட்டுக் குலுக்கி, பாதியில மட்டும் முதல்ல ஒரு கம்பெனியைக் கிளை திறக்க விட்டாங்க. பொருளாதார ஆய்வாளர்கள் பானர்ஜி, டுஃப்லோ செஞ்ச ஆய்வு, பின்னால 2019-ல நோபல் வாங்கினாங்களே அவங்கதான். ஒன்றரை வருஷம் கழிச்சுப் பாத்தா, கம்பெனி வந்த இடத்துலயும் ஏறக்குறைய நாலுல ஒரு குடும்பம்தான் குழுக் கடன் எடுத்திருந்துச்சு. ஏற்கனவே கடை வச்சிருந்தவங்க கொஞ்சம் பெருசு பண்ணாங்க. சாப்பாட்டுச் செலவு, படிப்பு, உடம்பு, வீட்டுல பொம்பளை சொல்லுக்கு மதிப்பு, இதுல எல்லாம் பெரிய மாற்றம் தெரியல.

டார்ம் அண்ணனுக்கு இதைப் படிச்சுக் காட்டினதா தம்பி எழுதியிருக்கார். அண்ணன் சொன்னாராம்: "உங்க மாட்டண்ணன் மாதிரி விமானம் ஏறினவனை அதுல எண்ணினாங்களா?" நல்ல கேள்வி. என்கிட்ட பதில் இல்ல. 75,000 ரூபா கடன் என்னை என்ன பண்ணுச்சுன்னா, வீடு கட்டியிருக்கேன், அக்கா பொண்ணு நர்சிங் முடிச்சிருக்கு. இதைக் கடனோட கணக்குல எழுதறதா, பதிமூணு வருஷ லாரிப் பயணத்தோட கணக்குல எழுதறதா?

ஆகஸ்ட் 10, ஞாயிறு

தம்பியை இன்னைக்குத் தேக்காவுல பாத்தேன். நேத்து தேசிய தினம், சிங்கப்பூருக்கு 60, இன்னைக்கும் தெருவெல்லாம் சிவப்பு வெள்ளை. வீட்டுக்காரிகிட்ட சொல்லி லோன் கார்டை எல்லாம் போட்டோ எடுத்து வாங்கி வச்சிருந்தார். நல்ல காரியம். எல்லாருமே செய்யுங்க. வருஷத்துக்கு ஒரு தடவை கிரெடிட் ரிப்போர்ட்டும் இலவசமா வாங்கலாம், யார் பேர்ல என்ன ஓடுதுன்னு தெரிஞ்சிடும்.

மூணு கார்டுன்னு சொன்னவருக்கு நாலு போட்டோ வந்திருந்துச்சு. நாலாவது மாமியார் பேர்ல. தவணை நம்ம தம்பி காசுலதான் போகுது. அவர் முகத்தைப் பாக்க முடியல. "என்கிட்ட சொல்லலையேண்ணே"ன்னார். எனக்கு எங்க வீட்டுல சொல்ல பதிமூணு வருஷம் ஆச்சு தம்பின்னேன்.

மாமியாருதை விட்டுட்டு மூணையும் கூட்டினோம். ஒண்ணு மாசம் 2,115. ஒண்ணு வாரம் 620. ஒண்ணு ரெண்டு வாரத்துக்கு ஒருமுறை 1,150. மாசத்துக்கு 7,300 பக்கம் வருது. அவர் அனுப்பறது 350 வெள்ளி, அதாவது 23,500 ரூபாய். மூணுல ஒரு பங்கு நேரா பைக்ல ஏறிப் போயிடுது. இப்போ வீடு தேடி வந்திருக்கிற புது லோன் எதுக்குன்னு வீட்டுக்காரியையே போன்ல கேட்டோம். "மத்த மூணையும் கட்டத்தான்"னாங்க, ஒளிக்காம.

வாரத் தவணைக் கார்டுல இன்னும் ஒன்பது வாரம்தான் பாக்கி, 5,580 ரூபாய். முன்கூட்டியே அடைச்சா அபராதம் கிடையாது, அது விதியிலேயே இருக்கு. வட்டி கழிஞ்சு அதைவிடக் கொஞ்சம் கம்மியாவே ஆகும். ஏறக்குறைய 80 வெள்ளி. அங்கேயே டீக்கடையில உக்காந்து பணத்தை அனுப்பினார். இந்த வாரமே மொத்தமா அடைச்சிடு, கார்டுல கையெழுத்து வாங்கு, புதுசா வந்து நிக்கிற கம்பெனிக்காரனைப் போகச் சொல்லுன்னார்.

அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்ல. அப்புறம் வீட்டுக்காரி கேட்டாங்க: "நான் அடைச்சிட்டு எந்திரிச்சா குழுவுல நாலு பேர்தான் இருப்பாங்க. எதிர்வீட்டு அக்காவுக்குப் பொண்ணு கல்யாணம் கார்த்திகையில. அவங்க லோனுக்கு அஞ்சாவது ஆளா யாரை உக்கார வைக்கிறது?"

தம்பி என்னைப் பாத்தார். நான் டீக்குக் காசு கொடுக்கப் போயிட்டேன்.